திரை அணைகிறது, விசிறி நிற்கவில்லை

வணக்கம் நண்பரே. விண்டோஸ் கணினியை 15 நிமிடத்தில் தூங்கச் (ஸ்லீப்) சொல்லியும் திரை மட்டும் அணைந்து, விசிறி விடியவிடிய ஓடுகிறது என்றீர்கள். நீங்கள் வைத்த தூக்க நேரம் சரிதான், பெரும்பாலும் ஏதோ ஒரு நிரல் விண்டோஸைத் தூங்கவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. அது எது என்று கணினியிடமே கேட்டுவிடலாம்.

கட்டளை தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். 'பவர்' என்பதோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி, ஓர் இடைவெளி, சாய்கோடு, 'ரிக்வெஸ்ட்ஸ்' என ஆங்கிலத்தில் தட்டுங்கள் (powercfg /requests). 'சிஸ்டம்' தலைப்பின்கீழ் வரும் பெயர்தான் துப்பு. எனக்கு அங்கே ஆடியோ டிரைவர் (ஒலியை இயக்கும் மென்பொருள்) வந்தது. டிரைவரைக் குறை சொல்லி இரண்டு நாள் வீணாக்கினேன். உண்மையில் பிரவுசரில் மறந்துபோன ஒரு வீடியோ டேப்! மூடியதும் தூங்கிவிட்டது.

பட்டியல் காலியாக இருந்தால், தூங்கிய உடனே மவுஸ் எழுப்புகிறதா பாருங்கள். டிவைஸ் மேனேஜரில், மவுஸின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் கணினியை எழுப்பும் அனுமதியை எடுத்துவிடலாம். வந்த பெயரை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.