துபாயில் இரண்டு ராத்திரி, கார்டில் ஏழு மாதம்

கேள்வி: திருச்சியில் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 38. கைக்கு வரும் சம்பளம் 78,000 ரூபாய், வீட்டுக் கடன் தவணை 24,000. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். தங்கை அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கிறாள். இரண்டாவது பிரசவத்துக்கு அப்பாவும் (68) அம்மாவும் (63) போகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரையும் உண்டு. "ஒரே மூச்சாக உட்கார வைத்து அனுப்பாதே, துபாயில் இரண்டு ராத்திரி தங்க வைத்து அனுப்பு, ஊரையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்கிறாள் தங்கை. ஏஜென்ட் சொன்ன கணக்கு: இருவருக்கும் போக வர டிக்கெட் 2,90,000. துபாயில் தங்கினால் டிக்கெட்டில் கூடுதல் 16,000, ஓட்டல் 20,000, விசா 15,000, சுற்றிப் பார்க்க 19,000. மொத்தம் 3,60,000. கார்டில் போடலாம் என்றிருக்கிறேன். ஏற்கெனவே அதில் 1,90,000 நிலுவை; மாதம் மினிமம் 9,500 கட்டி வருகிறேன். தங்கை பணத்தைத் தந்துவிடுவாள். முதல் பிரசவத்துக்கு அம்மாவை அனுப்பியபோது ஆன 1,45,000-ஐ ஏழு மாதம் கழித்து முழுசாக அனுப்பினாள். (அந்தப் பணத்தில் வீட்டுக்கு கிரில் கேட் போட்டுவிட்டோம்.) பேங்கில் 2 லட்சம் எஃப்டி 7 சதவீதத்தில் இருக்கிறது, அவசரத்துக்கு என்று தொடுவதில்லை. துபாயில் தங்க வைப்பது வீண் செலவா? மைல்ஸ் (விமான டிக்கெட்டுக்கு உதவும் பாயின்ட்) தரும் புதுக் கார்டு வாங்கிப் போட்டால் லாபம் என்கிறான் நண்பன். சரியா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த டிக்கெட்டை எந்தக் கார்டிலும் போடாதீர்கள்.

கார்டில் வாங்கினால் நாற்பது, ஐம்பது நாள் வட்டி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சலுகை போன மாத பில்லை முழுசாகக் கட்டியவருக்குத்தான். நிலுவை வைத்திருப்பவர் புதிதாக எது வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். மினிமம் கட்டினால் லேட் ஃபீஸ் வராது, அவ்வளவுதான். வட்டி நிற்காது.

உங்கள் ஸ்டேட்மென்ட்டில் வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான கார்டுகளில் இருப்பதுபோல் மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,90,000-க்கு வட்டி 6,650. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் 1,200. ஆக 7,850. நீங்கள் கட்டும் 9,500-ல் அசலுக்குப் போவது 1,650 ரூபாய்தான். அதையும் அந்த மாதமே மளிகைக்கோ பெட்ரோலுக்கோ மறுபடி தேய்த்துவிடுவீர்கள். வருஷத்துக்கு 94,000 ரூபாய் வட்டியாகவே போகிறது.

இப்போது இதன் தலையில் 3,60,000-ஐ வைத்தால்? மாத வட்டி 12,600, ஜிஎஸ்டியோடு ஏறக்குறைய 14,900. தங்கை போன முறை போலவே ஏழு மாதம் கழித்து அனுப்பினால் 1,04,000. துபாய்க்காக ஏஜென்ட் கூட்டிய தொகை 70,000. அது வீண் செலவா என்று எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு லட்சம் உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

போன முறையையும் இதே கணக்கில் பாருங்கள். 1,45,000-க்கு மாதம் 5,990, ஏழு மாதத்துக்கு ஏறக்குறைய 42,000. தங்கை ஒரு ரூபாய் குறைக்காமல் அனுப்பினார் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். இந்த 42,000 அவருக்குத் தெரியாது, நீங்கள் சொல்லவில்லை. மாப்பிள்ளை முன்னால் பணக் கணக்கு பேசக் கூச்சம், இல்லையா? எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தக் கூச்சத்தில்தான் ஆரம்பிக்கிறது. பணம் வந்த பிறகாவது கார்டுக்குக் கட்டியிருக்கலாம், அது கிரில் கேட் ஆகிவிட்டது. கேட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது இன்றைக்கும் 42 சதவீத வட்டியில் நின்றுகொண்டிருக்கிறது.

மைல்ஸ் கார்டு விஷயம். நூறு ரூபாய்க்கு ஒன்றிரண்டு ரூபாய் மதிப்புள்ள பாயின்ட் தருவார்கள், லவுஞ்சில் இட்லி தருவார்கள். பில்லை முழுசாகக் கட்டுபவருக்கு அது ஒரு விளையாட்டு, விளையாடிவிட்டுப் போகட்டும். மினிமம் கட்டுபவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. வாங்கியதை இஎம்ஐ ஆக்கலாம் என்று பேங்க் மெசேஜ் அனுப்பும். 16 சதவீதத்தில் 24 மாதம் என்றால் தவணை 17,600. வீட்டுத் தவணை, பழைய மினிமம் எல்லாம் சேர்த்தால் 51,000 போய்விடும். மீதி 27,000-ல் இரண்டு பிள்ளைகளின் ஃபீஸ், சாப்பாடு, மின்சாரம். முடியாது. இப்போது பறந்துவிட்டு அப்புறம் கட்டுங்கள் என்று வரும் ஆப்களும் இதே சரக்குதான், வேறு டப்பா.

செய்ய வேண்டியது இது. டிக்கெட்டைத் தங்கையே அங்கிருந்து போடட்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், எண், பிறந்த தேதி இருந்தால் டல்லாஸில் உட்கார்ந்தே சென்னை டிக்கெட் எடுக்கலாம். அப்பா அம்மாவுக்கான மருத்துவ இன்சூரன்ஸும் அவர் பொறுப்பில் இருப்பது நல்லது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளோடு நேரடித் தொடர்புள்ள பாலிசிகளை அங்கிருந்து விசாரித்து வாங்குவது சுலபம். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். துபாயில் நாலு காசு குறைத்தாலும் இதில் குறைக்கக் கூடாது. தங்கையிடம் என்ன சொல்வது? "என் கார்டில் பழைய பாக்கி இருக்கிறது, இதில் போட்டால் மாதம் 15,000 வட்டி வரும், நீயே போட்டுவிடு." போனில் ஒரு நிமிஷம் ஆகும். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

எஃப்டியை உடையுங்கள். அதில் வருஷத்துக்கு 14,000 வருகிறது, கார்டில் 94,000 போகிறது. எந்த அவசரத்துக்குக் காத்திருக்கிறீர்கள்? முன்கூட்டி எடுத்தால் வட்டி ஒரு சதவீதம் குறையும், போகட்டும். 1,90,000-ஐ ஒரே தடவையில் கட்டுங்கள். அடுத்த மாதத்திலிருந்து அதே 9,500-ஐ ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் பேங்க் சேமிப்பு) போட்டால் இருபது, இருபத்தியொரு மாதத்தில் 2 லட்சம் திரும்பி வந்துவிடும். அதற்குள் உண்மையிலேயே ஆஸ்பத்திரி செலவு வந்தால் நகையை பேங்கில் வையுங்கள். கார்டோடு பார்த்தால் அந்த வட்டி கால்வாசிதான் வரும்.

சரி, துபாய்க்கு வருவோம். வயதானவர்களுக்கு நடுவில் ஒரு ராத்திரி ஓய்வு கொடுப்பது வீண் செலவு இல்லை. ஆனால் மேப்பைப் பாருங்கள். சென்னையிலிருந்து துபாய் நாலு மணி நேரம். அங்கிருந்து டல்லாஸ் பதினாறு மணி நேரம். துபாயில் இரண்டு ராத்திரி தங்கினாலும் அந்தப் பதினாறு குறையாது. தெளிவான உடம்போடு ஏறுவார்கள் என்பதுதான் லாபம். அதற்கு ஒரு ராத்திரித் தூக்கம் போதும். திருச்சியிலிருந்து காரில் ஐந்தாறு மணி நேரம் குலுங்கி வந்து நேராக விமானம் ஏறுவதுதான் நிஜமான அலுப்பு. முதல் நாளே சென்னை வந்து, பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழுந்து போகட்டும். காசில்லாத ஸ்டாப்ஓவர்.

அதற்கு மேலும் தங்க வேண்டுமென்றால், 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் வரும்படி, ஒரே டிக்கெட்டாகப் போடச் சொல்லுங்கள். அப்படியென்றால் பெட்டி வழக்கமாக நேரே டல்லாஸ் போய்விடும். செக்-இன் கவுன்ட்டரில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். துபாய் டெர்மினல் 3-க்குள்ளேயே, இமிகிரேஷனைத் தாண்டாமல் தங்க ஓட்டல் இருக்கிறது, மணிக்கணக்கில் வாடகை. ஊருக்குள் இருப்பதைவிட விலை அதிகம்தான், ஆனால் டாக்ஸியும் விசாவும் மிச்சம். வெளியே போயே ஆக வேண்டுமென்றால், அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குத் தனியாக 14 நாள் விசா வசதி இருக்கும்போது எதற்கு 15,000 என்று ஏஜென்ட்டைக் கேளுங்கள். டிக்கெட், ஓட்டல் எல்லாம் சேர்த்து வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் என்று பில் போட்டால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரியும் பிடிப்பார். வருமான வரிக் கணக்கில் அது திரும்பக் கிடைக்கும். அதுவரை உங்கள் பணம் அங்கே தூங்கும்.

24 மணி நேரத்தைத் தாண்டினால் பெட்டிகள் துபாயிலேயே கைக்கு வந்துவிடும். பிரசவத்துக்குப் போகும் அம்மாவின் பெட்டியை எனக்குத் தெரியும். ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு, மொத்தம் 92 கிலோ. லேகியம், பூண்டு ஊறுகாய், பருப்புப் பொடி, குருமாவுக்குக் கொஞ்சம் கசகசா. அமீரகத்தில் கசகசா போதைப் பொருள் பட்டியலில் இருக்கிறது. ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு. அப்பாவின் முழங்கால் மாத்திரையில் டிராமடால் என்ற வலி மருந்து இருந்தால் அதற்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. மாத்திரைச் சீட்டும் மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும். கசகசாவைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள், எந்த வழியாகப் போனாலும்.

இன்னொரு யோசனையும் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து துபாய்க்கு நேரடி பட்ஜெட் விமானம் இருக்கிறதே, அதைத் தனியாகவும் துபாய்–டல்லாஸைத் தனியாகவும் எடுத்தால் மலிவாகுமே என்பார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. வரவில்லை என்று எழுதி, திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்து ரத்து செய்துவிடும். இரண்டு கம்பெனிக்கும் பெட்டிக் கணக்கும் வேறு வேறு. இளவட்டங்கள் செய்யட்டும்.

டிக்கெட் போடும்போதே தங்கை வீல்சேர் கேட்டுவிடட்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. நடக்க முடியாதவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். துபாயில் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு ரயிலேறிப் போக வேண்டியிருக்கும், டல்லாஸில் இமிகிரேஷன் வரிசை நீளம். தள்ளிக்கொண்டு போகிறவர் எல்லா இடத்திலும் வழி காட்டிவிடுவார். எனக்கெதற்கு என்று அப்பா முறைப்பார். அம்மா பெயருக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டால் முறைக்க மாட்டார்.