உள்ளூர்ப் பணம்: கோத்தகிரியிலிருந்து கேள்வி பதில்

கோத்தகிரிப் பக்கம் முப்பத்திரண்டு வீடுகள் சேர்ந்து, ரூபாய்க்குப் பதிலாகப் புள்ளியில் பொருளும் வேலையும் கொடுத்து வாங்க, ஆறு வருஷமாகப் பரிமாற்றக் கணக்கு நோட்டு ஒன்று நடத்துகிறோம். கணக்கு எழுதுவது நான். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கூடலூரிலிருந்து: ஊர் பெயர் போட்டு அழகாகப் பண நோட்டு அச்சடிக்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பணம் தருகிறேன் என்று எழுதிய சீட்டை ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் தவிர யாரும் வெளியிடக்கூடாது, 1934 ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31-வது பிரிவு அது. கென்யாவில் மொம்பாசா பக்கம் 2013-ல் பங்ளா-பெசா என்ற உள்ளூர்ப் பணச் சீட்டு விட்டவர்களைக் கைது செய்தார்கள், அப்புறம்தான் வழக்கைக் கைவிட்டார்கள். ஒரு கணக்கு நோட்டு போதும். கனடாவில் மைக்கேல் லின்டன் 1983-ல் தொடங்கிய லெட்ஸ் என்ற உள்ளூர்ப் பரிமாற்ற முறையில் காகிதப் பணமே கிடையாது. ஒருவர் கணக்கில் ஏறுவது இன்னொருவர் கணக்கில் இறங்கும், மொத்தம் கூட்டினால் எப்போதும் பூஜ்யம்.

குன்னூரிலிருந்து: நாங்கள் தொடங்கி எட்டே மாதத்தில் நின்றுவிட்டது. ஏன் சார்?

உங்கள் மளிகைக்கடைக்காரர் கணக்கைப் பாருங்கள். எங்களுக்கும் அங்கேதான் அடைத்தது. பச்சைத் தேயிலைக்கான பணம் மாதம் முடிந்துதான் வரும், அதுவரை எல்லோரும் கடையில் புள்ளிக்கு அரிசி வாங்கினார்கள், அவர் கணக்கில் 11,400 புள்ளி சேர்ந்துவிட்டது. அவருக்குச் சரக்கு தரும் மேட்டுப்பாளையம் மொத்த வியாபாரி புள்ளி வாங்குவாரா? ஒருநாள் கடைக்காரர் நோட்டை என் முன்னால் விரித்து, "இதை வைத்து நான் என்ன செய்ய?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அப்புறம் அவருக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டோம். கடைத் தகரக் கூரைக்கு ஆள், பெண்ணுக்குக் கணக்கு டியூஷன், விற்பதற்கு மலைப்பூண்டு. மூன்றுமே நோட்டில் இருந்த வீடுகளிலேயே கிடைத்தன. பூண்டு போட்டவர்களுக்கு அந்தப் புள்ளி போனது, அவர்கள் அதே கடையில் எண்ணெய் வாங்கினார்கள். இப்போது அரிசிக்குப் பாதி ரூபாய், பாதி புள்ளி. கடைக்காரர் எதை வாங்குவார் என்று தெரியாமல் தொடங்கவே தொடங்காதீர்கள்.

கொடைக்கானலிலிருந்து: புள்ளி ஓரிடத்தில் தேங்காமல் இருக்க, மாதாமாதம் மதிப்பு குறையும்படி வைத்தால்?

ஆஸ்திரியாவில் வொர்கல் என்ற சிற்றூரில் 1932-ல் அப்படிச் செய்தார்கள், நோட்டு செல்லுபடியாக அதன் மதிப்பில் மாதம் 1 சதவீதத்துக்கு முத்திரை வாங்கி ஒட்ட வேண்டும். வேகமாகச் சுற்றியது, மறுவருஷம் தேசிய வங்கி நிறுத்திவிட்டது. முப்பது வீட்டுக்கு அது தேவையில்லை. கடனுக்கு உச்சவரம்பு வையுங்கள், எங்களுக்கு 2,000 புள்ளி.

அரவேணுவிலிருந்து: எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். மொய் விருந்து இதைத்தானே செய்கிறது? கனடா எதற்கு?

நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் எனக்கு எழுதிய 5,000 மொய்யை நான் உங்கள் வீட்டு விசேஷத்தில்தான் திருப்ப முடியும், டெய்லரிடம் கொடுத்துச் சட்டை தைக்க முடியாது. மூன்றாவது ஆளிடம் செல்லுபடியானால்தான் கடன் பணமாகும்.

மறுபடி அவரே: மொய் திருப்பாவிட்டால் ஊர் கேட்கும். உங்கள் நோட்டில் யார் கேட்பார்?

ஒத்துக்கொள்கிறேன், இதில் மொய்தான் உசத்தி. அதைப் பார்த்துத்தான் மாதக் கூட்டத்தில் எல்லார் கணக்கையும் சத்தமாக வாசிக்கிறோம்.

கோத்தகிரி அக்கா ஒருவர்: மொய்யை விடுங்கள், நம் மலையிலேயே பழைய பரிமாற்றம் இருந்ததே?

இருந்தது அக்கா. கோத்தரிடமிருந்து பானையும் இரும்புக் கருவியும் இசையும், தோடரிடமிருந்து நெய், படகரிடமிருந்து தானியம், குறும்பரிடமிருந்து காட்டுப்பொருள். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு இந்தக் குடும்பம் என்று பரம்பரையாகக் கட்டியது அது, பிடிக்கவில்லை என்று ஆளை மாற்ற முடியாது. எங்கள் நோட்டில் யாரும் யாரிடமும் வாங்கலாம், பிடிக்காவிட்டால் விலகலாம். அதை நான் விட்டுத்தர மாட்டேன்.

மூன்று பேர்: பண நோட்டு இல்லாவிட்டால் டோக்கன்?

மேலே சொன்னதைப் படியுங்கள். உலோகத்தில் அடித்துக் காசு போல விட்டால் 2011 நாணயச் சட்டமும் சேர்ந்து வரும். அச்சடிக்காதீர்கள்.

ஆப்?

முதல் வருஷம் வேண்டாம்.

வரி?

ஆடிட்டரைக் கேளுங்கள். ஜிஎஸ்டி சட்டத்தில் பண்டமாற்றும் சேரும்.

கடன் வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போனால்?

எங்களில் ஒருவர் 1,350 பாக்கியோடு திருப்பூர் போனார். ஆளுக்குக் கொஞ்சம் புள்ளி குறைத்து அடைத்தோம். பொங்கலுக்கு வந்தவர் இரண்டு நாள் இருந்து கடைக்காரரின் கூரையில் மீதித் தகரத்தை அடித்துக் கொடுத்தார், குறைத்ததை அவரவர் கணக்கில் திருப்பி ஏற்றினேன்.