தம்பி போனை வைத்துவிடுகிறான்

அன்புள்ள ஐயா,

எனக்கு 52 வயது. அம்மா போனபோது தம்பிக்கு 9 வயது. நான்தான் வளர்த்தேன். ஊர் வீட்டைப் பாகம் பிரித்ததில் மனஸ்தாபம். இரண்டு வருஷமாக அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன் செய்தால் “வேலையா இருக்கேன்க்கா” என்று வைத்துவிடுகிறான். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்காது. ராத்திரி தூக்கமும் கிடையாது. அவன் மனம் மாற வேண்டும் என்று 11 பிரதோஷம் வேண்டிக்கொண்டேன். ஒன்பது முடிந்துவிட்டது. சாமி கும்பிடுகிறவள் ஒரு சொல்லுக்கு இப்படி உடையலாமா? என் நம்பிக்கையில்தான் குறையா? அடுத்த மாதம் அவன் மகளுக்குக் காதுகுத்து. வாட்ஸ்அப்பில் பத்திரிகை மட்டும் வந்திருக்கிறது. போகலாமா?

(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஒன்பதைப் பற்றி. ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் போய்விட்டு வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துப் பார்த்திருப்பீர்கள், தம்பி கூப்பிட்டிருக்கிறானா என்று. நானும் அப்படிப் பார்த்தவன்தான், வேறு ஒரு விஷயத்தில். நந்தி மேல் பால் வழிகிறபோதே மனசு பலனைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் “வேலையா இருக்கேன்க்கா” காதில் விழுந்தால் அடி இரண்டாகிவிடுகிறது. தம்பியும் கைவிட்டான், சாமியும் கைவிட்டார்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது திலகவதியார் நினைவுக்கு வந்தார். தேவாரம் பாடிய அப்பர் சுவாமிகளின் அக்கா. அப்பா போய், அம்மா போய், மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரில் இறந்த பிறகு தானும் உயிரை விடத் துணிந்தவர், தம்பி அழுததற்காக உயிரோடு இருந்தார். “தம்பியார் உளராக வேண்டும்” என்பதுதான் காரணம் என்கிறார் பெரியபுராணம் எழுதிய சேக்கிழார். அந்தத் தம்பி பிறகு சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்று பெயரும் பெற்றுவிட்டார். யாருக்காக வாழ்ந்தாரோ அவரே விட்டுவிட்டுப் போனார். உங்களுக்கு இது புரியும்.

அக்கா என்ன செய்தார்? கெடிலக் கரையில் திருவதிகை கோயிலுக்கு வந்துவிட்டார். விடிவதற்கு முன்னால் கோயிலைக் கூட்டுவார், சாணமிட்டு மெழுகுவார், பூக்கொய்து மாலை கட்டுவார். தம்பியை மீட்டுத் தர வேண்டும் என்று வேண்டவும் செய்தார். அதனால் நீங்கள் வேண்டிக்கொண்டது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தம்பி வரவில்லை என்பதற்காக ஒருநாளும் துடைப்பத்தைக் கீழே போட்டதாகப் பெரியபுராணத்தில் இல்லை. வேண்டுதல் ஒரு பக்கம், அன்றைய வேலை ஒரு பக்கம். உங்களுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. போன் வந்தால் சோறு, வராவிட்டால் பட்டினி.

அழவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. வளர்த்த பிள்ளை முகம் திருப்பினால் வலிக்கத்தான் செய்யும். விபூதி பூசினால் வலிக்காது என்று யார் சொன்னது? ஆனால் தூக்கம் போய் மாதக்கணக்காகிறது என்றால் ஒரு டாக்டரைப் பாருங்கள். அதனால் சாமிக்கு ஒரு குறையும் வராது.

கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அடுத்தது. தம்பிக்குச் சூலை நோய், தாங்க முடியாத வயிற்றுவலி. வைத்தியம் பலிக்கவில்லை. சமையல்காரனை அக்காவிடம் அனுப்புகிறார். வேறு அக்காவாக இருந்தால் அப்படியே ஓடியிருப்பார். திலகவதியார், “சமணர் மடத்துக்கு நான் வர மாட்டேன், போய்ச் சொல்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். கல்நெஞ்சம் என்று தோன்றும். ஆனால் வாசல் திறந்தேதான் இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகத் தம்பி வந்து காலில் விழுந்தபோது, விழுந்ததைப் பற்றி ஒரு வரி, உடனே “எழுந்தீர்”, கையில் திருநீறு. (அந்த ஒரு வரியில் சேக்கிழார் சமணத்தைக் ‘குழி’ என்கிறார். எனக்கு அது ஒப்பவில்லை. அது அந்தக் காலத்துச் சண்டை, நான் அக்காவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.) அப்புறம்? பொழுது விடிகிற நேரம் ஆகிவிட்டது. துடைப்பத்தையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கோயிலுக்குக் கிளம்புகிறார். தம்பியும் கூடவே போகிறார். அப்பர் தம் முதல் பதிகமான ‘கூற்றாயினவாறு’ பாடியது அந்த விடியலில்தான்.

சரி, காதுகுத்து. திலகவதியார் போகவில்லையே என்று என்னையே மடக்குவீர்கள். அவர் மறுத்தது தன் மனசுக்கு ஒவ்வாத இடத்துக்குப் போவதை. உங்களுக்கு இது தம்பி மகள் விசேஷம். பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தாலும் பத்திரிகைதான். போங்கள். அத்தை சீராக உங்களால் முடிந்ததை வைத்துவிட்டு, முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீட்டுப் பாகத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், “இன்னைக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து பாப்பா பக்கம் போய்விடுங்கள். தம்பி ஏதாவது பேசுவானா என்று சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம். திரும்பி வர பஸ் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி இரண்டு பிரதோஷத்துக்கும் போங்கள். போனை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தம்பி பேசினானா என்று எனக்கு எழுத வேண்டாம். காது குத்தும்போது பாப்பா எவ்வளவு நேரம் அழுதது, யார் மடிக்குத் தாவியது என்று எழுதுங்கள்.