புரளுவதில்லை, புரண்டுபோகிறது

ஐயா,

வேதாகமத்தில் வரும் கோழியும் குஞ்சுகளும் பற்றி இந்தப் பத்தியில் முன்பு நீங்கள் எழுதியதைப் படித்தபின்தான் இதை எழுதத் துணிந்தேன். எங்கள் வீடு முன்பு மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரைப் பக்கம் இருந்தது. 2004 புதுவருட ஆராதனையில் அம்மாவுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் ஏசாயா 43:2 இருந்தது. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்; நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை." அம்மா அதை இரும்பு அலுமாரியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவைத்தார். அந்த வருடம் நத்தாருக்கு மறுநாள் கடல் வந்தது. தம்பிக்கு ஒன்பது வயது. மூன்று நாள் கழித்து அலுமாரியை ஒரு தென்னையடியில் கண்டெடுத்தோம். அட்டை உரியாமல் அப்படியே இருந்தது. அதே அலுமாரிதான் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

போன மாதம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரர், "வசனத்தை முழுமனதோடு விசுவாசித்தவர்கள்மேல் தண்ணீர் புரளவில்லை" என்று சாட்சி சொன்னார். அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். படித்த மாமா ஒருவர், "அது வெறும் உருவகம் பிள்ளை, அதைப் போய் இவ்வளவு காலம் சுமக்கலாமா" என்கிறார். அந்தச் சகோதரரின் பேச்சைக் கேட்டால் கொதிக்கிறது. மாமாவின் பேச்சைக் கேட்டால் கையிலிருந்த கொஞ்சத்தையும் பிடுங்கிக்கொண்டதுபோல் இருக்கிறது. உருவகம்தான் என்றால் அதில் ஆறுதலுக்கு என்ன இருக்கிறது? அட்டையைக் கிழித்துப்போடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

இன்னொன்று. மகள் ஞாயிறு பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கு ஏசாயா 40:31ஐ எடுத்திருக்கிறாள். கழுகு நாற்பது வயதில் மலைக்குப் போய் அலகை உடைத்துக்கொள்ளும் கதையை யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது உண்மைதானா?

பெயர் வேண்டாம்,
திராய்மடு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன். முதல் நாள் எழுதியிருந்தால் முழுக்க அந்தச் சாட்சிக்காரரைத் திட்டுவதிலேயே போயிருக்கும். கொஞ்சம் திட்டிவிட்டே தொடங்குகிறேன்.

வேதாகமத்தில் ஒரு வாக்குத்தத்த வசனத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்து, "இதை விசுவாசித்தால் உனக்கு ஒன்றும் ஆகாது, குதித்துப் பார்" என்று சொன்னவன் ஒருவன் இருக்கிறான். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில், தேவாலயத்து உப்பரிகையில் நின்று இயேசுவோடு பேசுகிற பிசாசு. அவன் காட்டியது 91ஆம் சங்கீதம்: பாதம் கல்லில் இடறாதபடிக்குத் தூதர்கள் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள். வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. அதைக் கையாண்ட விதத்துக்குத்தான் இயேசு, "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று பதில் சொன்னார். உங்கள் சகோதரர் யாருடைய வியாக்கியானத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று அவரே ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

விசுவாசக் குறைவு என்ற பேச்சுக்கு எபிரெயர் 11 போதும். விசுவாசத்தினாலே அக்கினியின் உக்கிரத்தை அவித்தவர்களும் அங்கே வருகிறார்கள். கல்லெறியுண்டு, வாளால் அறுப்புண்டு செத்தவர்களும் அதே மூச்சில் வருகிறார்கள். "இவர்களெல்லாரும்" விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள் என்றுதான் முடிகிறது. பவுல் மூன்றுதரம் கப்பற்சேதத்தில் இருந்தார். ஒரு இராப்பகல் கடலிலே கிடந்தார். அவருடைய விசுவாசத்தை அந்த ஜெபக்கூட்டத்தில் யார் அளந்து பார்ப்பார்கள்?

இனி மாமா. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் "வெறும்" என்ற சொல்லை அவர் எங்கிருந்து கொண்டுவந்தார்? நம் ஊரை "மீன்பாடும் தேன்நாடு" என்கிறோம். தேன் ஓடுகிறதா என்று வாவித் தண்ணீரை யாரும் நக்கிப் பார்ப்பதில்லை. அதற்காக அந்தப் பெயரைப் பொய் என்று சொல்பவரும் இல்லை. இதைவிட அருகில் ஒன்று சொல்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், "என் வயிறு பற்றி எரிகிறது" என்கிறாள். இலக்கணப்படி அதுவும் உருவகந்தான். அவளிடம் போய் "வெறும் உருவகம்" என்று யாராவது சொல்வார்களா? அவள் பட்டதைச் சொல்ல வேறு சொல் கிடையாது. "மிகவும் துக்கமாக இருக்கிறது" என்று அவள் சொல்லியிருந்தால்தான் அது குறைவான உண்மை.

ஏசாயா அப்படிப்பட்ட ஒரு வாயிலிருந்து வருகிற பேச்சு. அந்த அட்டையில் அச்சடிக்கும்போது வசனத்தைக் கத்தரித்துவிட்டார்கள். அது எங்கிருந்து வெட்டப்பட்டது என்று பாருங்கள். 43ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், "இப்போதும் யாக்கோபே, உன்னைச் சிருஷ்டித்தவரும்" என்று தொடங்குகிறது. "நீ" என்று கூப்பிடப்படுவது ஒரு முழுச் சனம். எருசலேம் எரிந்து, கோவில் இடிந்து, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்பட்ட சனம். இந்த அதிகாரத்துக்கு முந்திய அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் படியுங்கள்: அதே யாக்கோபைச் சூழ அக்கினிஜுவாலை கொளுத்தியது, அது அவனைத் தகித்தது என்றிருக்கிறது. மூலத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே அதிகாரக் கோடே கிடையாது. இன்று நாம் காணும் அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆகவே "நீ அக்கினியில் நடக்கும்போது வேகாதிருப்பாய்" என்ற சொல், ஏற்கெனவே வெந்துபோனவர்களின் காதில் விழுகிறது. தங்கள் உடம்பில் இனித் தீப்படாது என்று அவர்கள் ஒருநாளும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தண்ணீர் என்றதும் அவர்களுக்குச் செங்கடலும் யோர்தானும் நினைவு வந்திருக்கும். அன்று எங்கள் முன்னோரைக் கரையேற்றியவர் எங்களையும் இந்தப் பாபிலோனிலேயே முடிந்துபோக விடமாட்டார் என்று கேட்டார்கள். சனமாக அவர்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் பாபிலோனிலேயே செத்து, அங்கேயே புதைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். உங்கள் தம்பி ஏன் போனான் என்பதற்கு இந்த வசனத்தில் பதில் இல்லை. இருக்கிறது என்று நான் எழுதினால், உங்கள் சாட்சிக்காரருக்கும் எனக்கும் வித்தியாசம் கிடையாது.

ஆனால் மாமா கவனிக்காத ஒன்று அதில் இருக்கிறது. தண்ணீர், ஆறு, அக்கினி, ஜுவாலை என்று வரிசையாக உருவகங்கள். நடுவில் ஒரே ஒரு வாக்கியம் எந்த அணியும் பூட்டாமல் வருகிறது: "நான் உன்னோடு இருப்பேன்." அதை உருவகம் என்று தள்ள வழியில்லை. இன்னொன்று, "கடந்தால்" என்று எழுதவில்லை, "கடக்கும்போது" என்றிருக்கிறது. தண்ணீர் வரும் என்பது அங்கே கேள்வியே இல்லை.

இப்போது உங்களிடம் காட்ட ஆசைப்பட்டதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு தேடியபோதுதான் எனக்கே கண்ணில் பட்டது. 42ஆம் சங்கீதம், 7ஆம் வசனம்: "உமது மதகுகளின் இரைச்சலால் ஆழத்தை ஆழம் கூப்பிடுகிறது, உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டுபோகிறது."

மதகு என்ற சொல்லைப் பாருங்கள். மாரியில் உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்திருக்கும்போது பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த இரைச்சல் தெரியும். அருகில் நிற்பவர் பேசுவது கேட்காது, வாய் அசைவதுதான் தெரியும். அப்படி ஒரு இரைச்சலுக்குள் நின்று ஒரு மனிதன் பாடுகிறான். ஏசாயாவில் "புரளுவதில்லை" என்ற அதே வினை, இங்கே "புரண்டுபோகிறது" என்று நிற்கிறது. எபிரெயத்தில் இவை இரண்டும் வேறு வேறு வினைகள். அங்கே இன்னும் ஒரு வேடிக்கை: சங்கீதத்தில் அலைகள் "புரண்டுபோகிறது" என்பதற்கு இருக்கும் வினையும் ஏசாயாவில் நீ தண்ணீர்களைக் "கடக்கும்போது" என்பதற்கு இருக்கும் வினையும் ஒன்றுதான். அங்கே மனிதன் தண்ணீரைக் கடக்கிறான். இங்கே தண்ணீர் மனிதனைக் கடந்து போகிறது. இரண்டும் ஒரே புத்தகத்துக்குள் இருக்கின்றன. யாரும் ஒன்றை எடுத்து மற்றதைத் திருத்தவில்லை. "உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் அலை புரண்டது" என்று அந்தச் சங்கீதக்காரனை யாரும் சபையை விட்டு வெளியே அனுப்பவும் இல்லை. அவன் பாட்டைக் கோவிலில் பாட வைத்தார்கள்.

இரண்டு வசனம் தள்ளி அவன் என்ன சொல்கிறான் என்றும் பாருங்கள். தேவனை "என் கன்மலை" என்கிறான், அதே மூச்சில் "ஏன் என்னை மறந்தீர்?" என்று கேட்கிறான். அம்மா எழுந்து வெளியே போனார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கூட்டத்தில் இந்த 42ஆம் சங்கீதத்தை வாசித்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குப் படுகிறது, புத்தகத்தைத் திறக்காமலே.

உருவகத்தால் ஆறுதல் சொல்லப்போய் நானும் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். 2005 தை மாதம், ஒரு பாடசாலையில் தங்கவைக்கப்பட்டிருந்தவர்களைப் பார்க்கச் சிலராகப் போனோம். கரும்பலகைக்குக் கீழே சுவரோடு சாய்ந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். மகள் போய்விட்டாள். நான் பக்கத்தில் குந்தி, "பிள்ளை கர்த்தருக்குள் நித்திரையாயிருக்கிறாள்" என்றேன். மரண அறிவித்தல்களில் நாம் எழுதுகிற சொல்தானே, வாயில் தானாக வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "செத்துப்போனாள் என்று சொல்லுங்கள் ஐயா. நான்தான் கிடங்கு வெட்டினேன்" என்றார். அதற்குமேல் எனக்குப் பேச வாய் வரவில்லை.

அன்று இரவு யோவான் 11ஐ எடுத்துப் படித்தேன். லாசரு "நித்திரையடைந்திருக்கிறான்" என்று இயேசு சொல்கிறார். சீஷர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, நித்திரையென்றால் சுகமடைவான் என்கிறார்கள். (இவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். புளித்த மாவைக் குறித்து எச்சரித்தபோது, அப்பம் கொண்டுவர மறந்ததைத்தான் சொல்கிறார் என்று நினைத்தவர்கள் இவர்கள்தான்.) உடனே இயேசு உருவகத்தை விட்டுவிட்டு, லாசரு மரித்துப்போனான் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். கல்லறைக்குப் போகும் வழியில் அழவும் செய்கிறார். எழுப்பப்போகிறவர்தான், ஆனாலும் அழுகிறார். நான் அந்தப் பாடசாலைக்குப் போகுமுன் படித்திருக்க வேண்டிய அதிகாரம்.

மகளின் கழுகுக்கு வருவோம். அந்தக் கதை பொய். அலகை உடைத்துக்கொண்ட பறவை தின்ன முடியாமல் பட்டினியில் சாகும். இறகுகளையும் அது தானாகப் பிடுங்கிக்கொள்வதில்லை. பழையவை சில சில உதிரப் புதியவை முளைத்துவரும், அதற்கு மலையும் வேண்டாம் நாற்பது வயதும் வேண்டாம். 103ஆம் சங்கீதத்தில் கழுகைப்போல வயது திரும்புகிறது என்று சொல்வதற்கு அந்த இறகுதிர்வே போதும். பிரசங்கத்தில் இந்தக் கதையைக் கேட்டுக் கண்கலங்கியவர்களை எனக்குத் தெரியும், அதனால் எழுதிக் கொடுத்தவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பிள்ளையை மட்டும் காப்பாற்றுங்கள்.

அவளுக்கு இதைவிட நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது. வெயில் ஏறியபின் கல்லடிப் பழைய பாலத்தில் நின்று வாவிக்கு மேலே செம்பருந்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறகை விரித்துவைத்தபடி வட்டமடித்து வட்டமடித்து மேலே போகும். அடிப்பது மிகக் குறைவு. கீழே சூடேறிய காற்று எழும்பி அதைத் தூக்குகிறது. ஏசாயா கண்ட பெரிய கழுகுகளும் இப்படித்தான் எழும்பும். நம் வேதாகமத்தில் "செட்டைகளை அடித்து எழும்புவார்கள்" என்றிருக்கிறது. எபிரெயத்தில் அடிப்பது இல்லை, செட்டைகளை உயர்த்துவது மட்டுந்தான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு சிறகு முளைப்பதாகவே கொள்கிறது. வசனத்தின் தொடக்கம் "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ". காற்றுக்குக் காத்திருக்கிற பறவையைக் கண்ணால் பார்த்துவிட்டு அவள் அந்தச் சொல்லை மேடையில் சொல்லட்டும். பரிசு கிடைக்குமா என்று தெரியாது. நடுவர்களுக்கும் உடைந்த அலகுதான் பிடித்திருக்கலாம். எழுதி முடித்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.

அட்டையைக் கிழிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒட்டியவர் அம்மா. இத்தனை வருடமாக அந்தக் கதவைத் திறந்து சேலை எடுப்பவரும் அவர்தானே. அவரிடம் கேளுங்கள்.