பால்சுறாவும் பழந்தின்னி வௌவாலும்: கேள்வி பதில்

நாகப்பட்டினம்: ஐயா, சுறாவும் குட்டி போடுது, வௌவாலும் குட்டி போடுது. ரெண்டுக்கும் உறவு உண்டா?

உறவெல்லாம் இல்லைங்க. பால்சுறா குருத்தெலும்பு மீன், வௌவால் பாலூட்டி. ஆனாலும் நல்ல கேள்வி. பால்சுறாக் கரு முதலில் மஞ்சள்கருவைத் தின்று வளரும். அது தீர்ந்ததும் மஞ்சள்கரு இருந்த பையே கருப்பைச் சுவரில் ஒட்டி நஞ்சுக்கொடியாகிவிடும். வயிறு கிழித்த சுறாவில் குட்டி கொடியோடு கிடப்பது அதனால்தான். சூல் ஏறத்தாழ ஓராண்டு. 1 முதல் 8 குட்டிகள். பிறந்ததும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். பெரிய பழந்தின்னி வௌவாலுக்குச் சூல் ஏறத்தாழ 5 மாதம், பெரும்பாலும் ஒரே குட்டி. முதல் சில வாரம் தாய் மார்பைக் கவ்விக்கொண்டே பறக்கும். இரண்டுமே கொஞ்சமாகப் பெறுபவை. அதிகம் கொன்றால் எண்ணிக்கை சீக்கிரம் மீளாது.

மன்னார்குடி: பிள்ளை பெத்தவங்களுக்குச் சுறாப்புட்டு கொடுத்தா பால் ஊறுமா?

உறுதியான சான்று இல்லை. புரதம் உண்டு, சரி. ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்பதால் அதன் உடலில் பாதரசம் சேரும். பாலூட்டுபவர்களுக்கு நெத்திலி, மத்தி மேல்.

வேதாரண்யம்: புட்டுல மூத்திர நெடி அடிக்குதே?

சுறா தசையில் யூரியா நிறைய உண்டு. கடலின் உப்பை அப்படித்தான் சமாளிக்கிறது. செத்தபின் பாக்டீரியா அதை அமோனியா ஆக்கும். பிடித்ததும் ரத்தம் வடித்து ஐஸில் வைத்தால் நெடி வெகுவாகக் குறையும். நெடி ஏறிய மீனைப் புளி ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், வாங்காதீர்கள். நல்ல துண்டை மஞ்சள், உப்பு போட்டுத் தோலோடு 10 நிமிடம் வேகவைத்து, சொரசொரத் தோலை உரித்து, ஒட்டப் பிழிந்து உதிர்க்க வேண்டும். பிழியாமல் விட்டால் சட்டியில் நீர் விட்டுக் கூழாகும்.

கும்பகோணம்: சுறாவைக் கவிழ்த்தா மயங்குமாமே, வௌவால் எப்படி நாள் முழுக்கத் தொங்குது?

பல சுறா இனங்கள் மல்லாத்தினால் அசைவற்றுப் போகும். வௌவாலின் காலில், உடல் எடையே தசைநாரை இழுத்து நகத்தைப் பூட்டிவிடும். பலமே செலவாகாது.

திருவையாறு: ஒலியை வச்சுத்தான் ரெண்டும் இரை தேடுதா?

பெரும்பாலான பழந்தின்னிகளுக்குக் கண்ணும் மூக்கும்தான். எதிரொலி வித்தை பெரும்பாலும் பூச்சித்தின்னி வௌவால்களுடையது. சுறா தலையிலும் மூஞ்சியிலும் உள்ள நுண்துளைகளால் இரையின் மின்துடிப்பையே உணரும்.

சீர்காழி: மாமரத்துக்கு வலை போட்டா வௌவால் சிக்கிச் சாகுது.

கண்ணி பெரிசு, வலை தொளதொளப்பு. சுண்டுவிரல் நுழையாத வலையைச் சட்டம் கட்டி விறைப்பாக இழுங்கள். சிக்கியதை வெறுங்கையால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பு நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போங்கள். கடித்துப் போட்ட பழத்தைக் குழந்தைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.