விண்மீன்களின் வேகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பால்வழியின் நடுவிலுள்ள கருந்துளையின் அருகே ஒரு விண்மீன் மணிக்கு இரண்டரைக் கோடி கிலோமீட்டர் வேகத்தில் கடந்து சென்றதாக 2018-இல் செய்தி படித்தேன். அடுத்த ஆண்டு, மணிக்கு 60 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இன்னொரு விண்மீன் பால்வழியைவிட்டே வெளியேறப்போகிறது என்று எழுதினார்கள். நான்கு மடங்கு வேகமானது வெளியேறவில்லை, மெதுவானது வெளியேறுகிறது என்றால் எந்த எண்ணை நம்புவது? அறிவியல் செய்திகள் எல்லாமே மிகைதானா?

க.

அன்புள்ள க.,

இரண்டு எண்களும் சரியானவையே. செய்திகளில் விடுபட்டது வேறொன்று: ஒரு விண்மீன் வெளியேறுமா என்பதை அதன் வேகம் மட்டும் முடிவுசெய்வதில்லை, அந்த வேகத்தில் அது எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவுசெய்கிறது.

2018-இல் நீங்கள் படித்தது எஸ்2 என்ற விண்மீனைப் பற்றி. நாற்பது லட்சம் சூரியன்களின் நிறைகொண்ட கருந்துளையை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவரும் அது, அவ்வாண்டு மே மாதம் மிக நெருங்கி வந்தபோது, பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தொலைவைப்போல் 120 மடங்கு தொலைவில் நொடிக்கு ஏறத்தாழ 7,650 கி.மீ. வேகத்தில் சென்றது. அவ்வளவு அருகில் கருந்துளையின் பிடியிலிருந்து தப்பத் தேவையான விடுபடு திசைவேகம் அதைவிடச் சற்றே அதிகம் என்பதால் எஸ்2 திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 2019-இல் அறிவிக்கப்பட்ட எஸ்5-எச்விஎஸ்1 நொடிக்கு 1,755 கி.மீ. வேகத்தில்தான் செல்கிறது, ஆனால் அது கருந்துளையைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது. நம் சூரியனின் சுற்றுப்புறத்தில் பால்வழியைவிட்டு வெளியேற நொடிக்கு 550 கி.மீ. அளவிலான வேகமே போதும்.

எனக்கு உண்மையான வருத்தம், இந்த இரண்டு செய்திகளையும் யாரும் இணைத்துச் சொல்லவில்லை என்பதுதான். ஓர் இரட்டை விண்மீன் (ஒன்றையொன்று சுற்றிவரும் இரு விண்மீன்கள்) பெருங்கருந்துளையை மிக நெருங்கினால் ஒன்று பிடிபட்டு இறுக்கமான சுற்றுப்பாதையில் சிக்கும், மற்றது கவண்கல்லைப்போல் எறியப்படும் என்று வானியலாளர் ஜாக் ஹில்ஸ் 1988-இலேயே கணக்கிட்டுக் காட்டினார். அப்படி எறியப்பட்டதாகக் கருதத்தக்க முதல் விண்மீனை வாரன் பிரவுனின் குழு கண்டுபிடித்தது 2005-இல். எஸ்5-எச்விஎஸ்1-இன் பாதையைப் பின்னோக்கிக் கணித்தால், ஏறத்தாழ 48 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது பால்வழியின் மையத்திலிருந்து கிளம்பியிருப்பது தெரிகிறது. எஸ்2 போன்றவை அங்கே பிடிபட்டு நின்றுவிட்ட துணைகளாக இருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம். அதாவது, ஒரே வகை நிகழ்வின் இரு பாதிகளையே நீங்கள் ஓராண்டு இடைவெளியில் தொடர்பற்ற இரண்டு வியப்புகளாகப் படித்திருக்கக்கூடும்.

மிகையைப் பற்றிக் கேட்டீர்கள். வானியலாளர்கள் நொடிக்கணக்கில் சொல்லும் வேகத்தை மணிக்கணக்காக்கினால் எண் 3,600 மடங்கு பெருக்கிறது. பொய்யில்லை, பயனும் இல்லை. (இந்தப் பெருக்கலைப் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களின் செய்திக்குறிப்புகளே செய்து கொடுத்துவிடுகின்றன, நிருபரை மட்டும் குறைசொல்ல முடியாது.) இதைவிடப் பெரிய குறை, அளவீட்டின் பிழைவரம்பைச் சொல்லாமல் விடுவது. வானத்தில் ஒரு விண்மீன் குறுக்காக நகரும் வேகத்தை அறிய, அது ஆண்டுதோறும் நகரும் கோணத்தைத் தொலைவால் பெருக்க வேண்டும். தொலைவை இருமடங்காகத் தவறாக மதிப்பிட்டால் அந்த வேகமும் இருமடங்காகிவிடும். விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் துல்லியமான அளவீடுகள் ஏப்ரல் 2018-இல் வெளியானபோது, வெளியேறுபவை என அதுவரை பட்டியலிடப்பட்டிருந்த சூரியனைப் போன்ற அல்லது அதைவிடக் குளிர்ந்த விண்மீன்களில் ஏறத்தாழ அனைத்தும் பால்வழிக்குக் கட்டுப்பட்டவையே என்று தெரிந்தது. கண்டுபிடிப்புகளுக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தத் திருத்தத்துக்குக் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

எஸ்5-எச்விஎஸ்1-ஐ நீங்கள் நம்பலாம். அது நம்மைவிட்டு விலகும் வேகமே நொடிக்கு 1,017 கி.மீ.; நிறமாலையின் டாப்ளர் பெயர்ச்சியிலிருந்து (விலகும் வேகத்துக்கேற்ப ஒளியின் அலைநீளம் கூடும் அளவிலிருந்து) நேரடியாகப் பெறப்பட்ட இந்த எண், தொலைவு எவ்வளவு என்பதைச் சார்ந்ததல்ல. குறுக்குவேகத்தை முழுவதுமாகத் தள்ளிவிட்டாலும் வெளியேற இதுவே போதும்.