உலை, பாய்லர், பர்னர்: ஆன்லைனில் என்ன படிக்கலாம்? கேள்வி பதில்

தொழிற்சாலை வெப்பமூட்டல் பற்றி ஆன்லைனில் படிப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், ஹீட் ட்ரீட்மெண்ட் (உலோகத்தைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தும்) பிரிவில் வேலை செய்கிறேன். தேடிப் பார்த்தால் இரண்டு மணி நேர வீடியோவும் வருகிறது, ஆறு மாதப் படிப்பும் வருகிறது. எதை எடுப்பது?

எவ்வளவு நாள் என்று பார்க்காதீர்கள். பாடத்திட்டத்தில் ஹீட் பேலன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். உலைக்குள் போன வெப்பம் எவ்வளவு, பொருளில் ஏறியது எவ்வளவு, மீதி எந்த வழியாக வெளியேறியது? புகைபோக்கி, சுவர், கதவு இடுக்கு, உள்ளே போய் வரும் ட்ரே, குளிர்விக்கும் தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட வேண்டும். அந்தக் கணக்கை உங்களையே போட வைக்கும் படிப்பு என்றால் தாராளமாகச் சேரலாம். பர்னர் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே போனால் அது வெறும் கேட்லாக். அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஒரு உதாரணம். ஒரு டன் அலுமினியத்தை அறை வெப்பநிலையிலிருந்து உருக்கி எடுக்க, இழப்பே இல்லாவிட்டால் ஏறக்குறைய 300 யூனிட் (கிலோவாட் மணி) போதும். உங்கள் உலை 900 யூனிட்டுக்குச் சமமான எரிவாயுவைக் குடிக்கிறது என்றால், மீதி 600 எங்கே? நல்ல படிப்பு இந்தக் கேள்வியை விட்டு நகராது.

கேள்வி: கல்லூரியில் படித்த தெர்மோடைனமிக்ஸ் எல்லாம் மறந்துபோச்சு. சமாளிக்க முடியுமா?

முடியும். முக்கால்வாசி கணக்கு கூட்டல், பெருக்கல்தான். கதிர்வீச்சில் மட்டும் கவனம் வேண்டும்: அது கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். உலை 1000 டிகிரி செல்சியஸிலிருந்து 1100-க்குப் போனால் வெப்பநிலை 10 சதவீதம்தானே கூடியது என்று தோன்றும். திறப்பு வழியாக வெளியேறும் கதிர்வீச்சோ ஏறக்குறைய 35 சதவீதம் கூடிவிடும். செல்சியஸிலேயே கணக்குப் போட்டுத்தான் பெரும்பாலோர் இங்கே சறுக்குகிறார்கள்.

கேள்வி: ஆன்லைன் படிப்பு என்றாலே எங்கள் சூப்பர்வைசர் சிரிக்கிறார். உலையைத் தொடாமல் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்கிறார்.

அவர் சொல்வதில் பாதி சரி. சுடரின் நிறம், பர்னரின் சத்தம், ரிஃப்ராக்டரி (உலையின் உள்பக்க வெப்பம் தாங்கும் செங்கல்) விரிசல் எல்லாம் நேரில் பார்த்தால்தான் பிடிபடும். ஆனால் அவர் தினமும் பார்க்கிற ஒன்றை நீங்கள் எண்ணாக்கிக் காட்டலாம்.

1000 டிகிரி உலையின் கதவில் ஒரு சாண் அகலமும் ஒரு சாண் உயரமும் உள்ள, அதாவது 20-க்கு 20 சென்டிமீட்டர் திறப்பு மூடாமலே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் கரும்பொருள் கதிர்வீச்சு (ஒரு பொருள் வெளியிடக்கூடிய உச்ச அளவு) ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 149 கிலோவாட். திறப்பின் பரப்பு 0.04 சதுர மீட்டர். ஆக, கிட்டத்தட்ட 6 கிலோவாட் வெப்பம் சும்மா வெளியே போகிறது. உலை நாள் முழுக்க ஓடினால் 140 யூனிட்டுக்கு மேல். சுவர் தடிமனாக இருந்தால் கொஞ்சம் குறையும்; அதற்கான திருத்தத்தையும் படிப்பில் சொல்லித் தருவார்கள். இதில் புகை வழியாகப் போகும் இழப்பையும் சேர்த்தால் எரிபொருள் கணக்கு இன்னும் மோசமாகும். ஒரு மூடி செய்து போட எவ்வளவு ஆகும் என்று அப்புறம் அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: புகையில் ஆக்சிஜன் 2, 3 சதவீதம் இருக்க வேண்டும் என்று பாடத்தில் வருகிறது. எங்கள் உலையில் 8 காட்டுகிறது. பர்னர் காற்றைக் குறைத்துவிடவா?

பொறுங்கள். இயற்கை எரிவாயுவில் 3 சதவீத ஆக்சிஜன் என்றால் எரியத் தேவையானதை விடச் சுமார் 15 சதவீதம் கூடுதல் காற்று, அது சரியான இலக்குதான். ஆனால் அந்த 8 சதவீத ஆக்சிஜன் பர்னர் வழியாக வந்ததா, கதவு இடுக்கு வழியாக வந்ததா? உலைக்குள் அழுத்தம் வெளியை விடக் குறைவாக இருந்தால் இடுக்குகள் குளிர்ந்த காற்றை உறிஞ்சும். புகையை அளக்கும் அனலைசருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நீங்கள் பர்னர் காற்றைக் குறைத்தால் சுடருக்குக் காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு வரும், புகைபோக்கியிலோ ஆக்சிஜன் இன்னும் தாராளமாகவே காட்டும். முதலில் டேம்பரை (புகை வழியைத் திறந்து மூடும் தகட்டை) சரிசெய்து உலை அழுத்தத்தைச் சிறிதளவு நேர்மறையில் வையுங்கள், சீல்களைப் பாருங்கள், கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து அளந்து பாருங்கள். பர்னர் பக்கம் போவது அதற்குப் பிறகு. இந்தச் சிக்கலைப் பேசாத படிப்புகள் நிறைய. எனக்கு அதில் கொஞ்சம் கோபமே உண்டு.

கேள்வி: பழகிப் பார்க்க இலவச மென்பொருள் ஏதாவது?

அமெரிக்க எரிசக்தித் துறையின் 'மெஷர்' இருக்கிறது. உலை, நீராவி, பம்ப், மின்விசிறி எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு, மெட்ரிக் அலகிலும் போடலாம். முதல் தடவை கையால் கணக்குப் போட்டுவிட்டு அதில் சரிபாருங்கள்.

கேள்வி: நீராவியும் உலையும் ஒரே படிப்பில் வருமா? நான் பாய்லர் பக்கம்.

தனியாகப் படிப்பது நல்லது. 10 பார் முழு அழுத்தத்தில் (வெற்றிடத்திலிருந்து கணக்கிட்டது) நீராவி 180 டிகிரிதான். கிலோவுக்குச் சுமார் 2015 கிலோஜூல் உள்ளுறை வெப்பம் தருகிறது. உங்கள் பிரச்சினை ஸ்டீம் டிராப் (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வு), கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து வரும் தண்ணீர்), ப்ளோடவுன் (உப்பு சேர்ந்த பாய்லர் தண்ணீரை வெளியேற்றுவது). உலைக்காரர் பிரச்சினை வேறு.

கேள்வி: எல்லாம் மின்சாரத்துக்கு மாறப் போகிறது என்கிறார்கள். இண்டக்‌ஷன் (காந்தப்புலத்தால் பொருளுக்குள்ளேயே மின்னோட்டத்தை உண்டாக்கிச் சூடாக்குவது) மட்டும் படித்தால் போதாதா?

போதாது. இண்டக்‌ஷனிலேயே பாருங்கள்: இரும்பு 770 டிகிரியைத் தாண்டியதும் காந்தத்தன்மையை இழக்கிறது. மின்னோட்டம் ஊடுருவும் ஆழம் சட்டென்று கூடுகிறது, கம்பிச் சுருளும் அதிர்வெண்ணும் அதற்குத் தகுந்தபடி அமைய வேண்டும். பொருளுக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று தெரியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது.

கேள்வி: சர்டிபிகேட் வைத்து வேலை கிடைக்குமா?

நேர்காணல் வரை கூட்டிப் போகும். பாய்லர் இயக்க உரிமம் வேறு விஷயம், இதை அதற்குப் பதிலாகக் காட்ட முடியாது.

கேள்வி: அக்கறை இல்லாமல் கேட்கவில்லை சார், ஆனால் பாதுகாப்புப் பகுதி ரொம்ப நீளம். கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா?

முதலில் பாருங்கள். அதில் பர்ஜ் (பற்றவைக்கும் முன் உலையைக் காற்றால் சுத்தப்படுத்துவது) பகுதியை இரண்டு முறை பாருங்கள். சுடர் அணைந்த உலையில் எரியாத வாயு தங்கியிருக்கலாம். அப்படியே பற்றவைத்தால் வெடிக்கும். அதனால்தான் பற்றவைப்பதற்கு முன் உலைக் கொள்ளளவைப் போல் குறைந்தது நான்கு மடங்கு புதுக் காற்றை உள்ளே அடிக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 86 தரநிலை. உற்பத்தி நின்றுபோச்சே என்ற அவசரத்தில் பர்ஜ் டைமரை பைபாஸ் செய்யும் பழக்கம் பல இடங்களில் உண்டு. உங்கள் பேனலில் அப்படி ஒரு ஜம்பர் ஒயர் இருக்கிறதா என்று மெயின்டெனன்ஸ் ஆளிடம் நாளைக்கே கேளுங்கள்.